எச்சில் படாத காடு

எங்கள் குடியிருப்பில் காடு வளர்க்கக் கிளம்பிய ஒரே மனிதர், ஒரு குருவி எச்சத்தைக்கூடச் சகிக்காதவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் நான் நரம்பில்லாத நாக்கால் அவரைப் பற்றி என்னவெல்லாமோ பேசுகிறேன் என்று யாரும் குறைசொல்லக் கூடாது.

எல்லோருக்கும் அவர் மாமா. மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்து, இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வுபெற்று, அடையாற்றில் எங்கள் கட்டடத்தின் முதல் மாடிக்கு மாமியோடு குடிவந்தவர். ஒரே பையன், கனடாவில். இப்போது இரண்டு பேரும் கோயம்புத்தூர்ப் பக்கம் முதியோருக்கான குடியிருப்பு ஒன்றில் இருக்கிறார்கள். இங்கே இருந்தவரை எனக்கு எதிர்வாசல் அவர்களுடையது. எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் தி.நகரில் பாத்திரக் கடை, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். பகல் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரை எடைபோட்டுப் பழகிவிட்டதால் எதிர்வீட்டு மனிதரை மட்டும் சும்மா விட என்னால் முடிந்ததில்லை.

மாமாவின் சுத்தம் ஊரறிந்தது. லிப்ட் பொத்தானை விரலால் தொடமாட்டார், வீட்டுச் சாவியின் முனையால் அழுத்துவார். பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டித்தான் வீட்டுக்குள் விடுவார். கொரோனா வந்து ஊரே கைகழுவிக் கொண்டிருந்தபோது மாமாவின் முகத்தில் ஒரு களை வந்தது. காலங்காலமாகத் தான் சொல்லிவந்ததை உலகம் இப்போதுதான் காதில் வாங்குகிறது என்கிற களை. ஒருநாள் எங்கள் வீட்டில் காபி கொடுத்தேன். டம்ளரை அண்ணாந்து, உதட்டில் படாமல், ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்தார். பேஷாக இருக்கிறது என்று பாராட்டவும் செய்தார். அப்புறம் தம் வீட்டுக்குப் போய் வாய் கொப்பளித்த சத்தம் இங்கே எனக்குக் கேட்டது.

வாய் எப்படியோ அப்படியே வாக்கும். அதையும் சொல்லத்தான் வேண்டும். பொய் என்பது அவருக்கு வரவே வராது. மாமியின் தங்கை போன் செய்தால் லேசில் வைக்கமாட்டாள். ஒருநாள் மாமி அலுத்துப்போய், தூங்குகிறேன் என்று சொல்லிவிடுங்கள் என்று சைகை காட்டியிருக்கிறாள். மாமா போனில் நிறுத்தி நிதானமாகச் சொன்னாராம்: "அவ முழிச்சுண்டுதான் இருக்கா. தூங்கறான்னு சொல்லச் சொல்றா." அதற்கப்புறம் தங்கை வெகுநாள் பேசவில்லை. மாமி இந்தக் கதையை என்னிடம் எத்தனையோ தடவை சொல்லிச் சிரித்திருக்கிறாள். அப்படிச் சிரிக்கும்போது அவள் குரலில் ஒரு பெருமையும் இருக்கும்.

அந்த மாமி குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்தும் நடமாட்டம் திரும்பவில்லை. கட்டிலே கதியென்று ஆகிவிட்டது. அவளைக் குளிப்பாட்டி, தலைவாரி, மலம் அள்ளி, துணி மாற்றி, எல்லாம் மாமாதான். ஆள் வைத்துக்கொள்ளுங்கள் என்று பையன் சொன்னதற்கு மாட்டேன் என்றுவிட்டார். இந்த ஒரு விஷயத்தில் அவரை நான் ஒரு சொல் சொல்ல மாட்டேன். உலகத்தில் உள்ள எல்லா அழுக்கையும் கண்டு முகம் சுளித்தவர், மாமியிடம் ஒருநாளும் சுளித்ததில்லை.

கட்டில் ஜன்னலை ஒட்டி இருந்தது. ஜன்னலுக்கு வெளியே எங்கள் கட்டடத்தின் பின்பக்கத்து மனை. குடியிருப்போர் சங்கத்துக்குச் சொந்தமான இடம். நடுவில் ஒரு பெரிய நாவல் மரம், மற்றபடி காய்ந்த புல், உடைந்த டைல்ஸ், யாரோ போட்டுப்போன சிங்க். மாமி நாள் முழுக்க அதையே பார்த்துக் கிடப்பது மாமாவின் மனசை உறுத்தியிருக்கிறது. "உனக்கு ஜன்னல்ல ஒரு காடு காட்டறேன். பார்த்துண்டே இரு" என்றாராம். இதை என்னிடம் சொன்னபோது மாமியின் கண் கலங்கியது. எனக்கும் மனசு கொஞ்சம் இளகியது. அதற்கப்புறம் இளகவில்லை.

அந்த இடத்தின்மேல் எல்லோருக்கும் கண். இரண்டாவது மாடியில் சைதாப்பேட்டைக்காரர் ஒருவர் இருந்தார், வாடகைக்கு வண்டி விடுகிறவர். அவருடைய கார்கள் தெருவில் நின்று வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. மனைக்குச் சிமெண்ட் போட்டு எல்லோரும் கார் நிறுத்தலாம் என்று சங்கக் கூட்டத்தில் பேச்செடுத்தார். கார் இல்லாதவர்கள்கூடத் தலையாட்டினார்கள், என்றைக்காவது வாங்கமாட்டோமா என்கிற நம்பிக்கையில். மாமா எழுந்து நின்றார். இரண்டு மழைக்காலம் கொடுங்கள், அதற்குள் காடு எழும்பி நிற்கும் என்றார். "நான் போட்டது முளைக்கலேன்னா, நானே வந்து சிமெண்ட் போடச் சொல்றேன். இது என் வாக்கு." மாமாவின் வாக்குக்கு அந்தக் கட்டடத்தில் மதிப்பு உண்டு. தீர்மானம் ஆகிவிட்டது.

இனி மாமா காடு வளர்த்த அழகைக் கேளுங்கள்.

விதை சுத்தமாக இருக்க வேண்டும் என்பது அவருடைய முதல் விதி, கடைசி விதியும் அதுதான். கீழே விழுந்த பழம் ஆகாது, எறும்பு ஏறியிருக்கும். பறவை கொத்தியது ஆகாது. அணிலோ வவ்வாலோ கடித்தது கிட்டவே வரக்கூடாது. அணில் கடித்த பழம்தான் ருசி என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். எங்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து வந்த கொய்யாவில் அப்படி ஒன்றை நான் ஆசையாகக் கொண்டுபோய் நீட்டினேன். மாமா அதைப் பார்த்த பார்வையில் பழமே அழுகியிருக்கும். மரத்திலிருந்து மனிதக் கை பறித்த பழம் மட்டும்தான் அவருடைய காட்டுக்குள் வரலாம். அதற்கென்று ஆள் வைத்து நாவலும் வேம்பும் மகிழமும் புன்னையும் பறிக்கச் சொன்னார். ஏறுகிறவர் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் ஏற வேண்டும்.

பறித்த பழத்தை எவர்சில்வர் கத்தியால் கீறி, சதையை வழித்து, விதையை மஞ்சள் தண்ணீரில் அலசி, மொட்டை மாடியில் வெள்ளை வேட்டி விரித்துக் காயப்போட்டார். காக்காய் வராமலிருக்கப் பக்கத்தில் கறுப்புக் குடை. அசல் வடாம்தான். விதை காய்ந்து கலகலவென்று சத்தம் போட்டதும் கண்ணாடி பாட்டில்களில் அடைத்துப் பெயர் எழுதி ஒட்டி, ஐப்பசி மழைக்காக அலமாரியில் அடுக்கினார். அதைப் படம் பிடித்துக் குடியிருப்பின் வாட்ஸாப் குழுவில் போட்டார். ஆளாளுக்குக் கைகூப்பினார்கள்.

நெல்லும் உளுந்தும் அப்படி அலமாரியில் காத்திருக்கும். நாவல் விதை காத்திருக்குமா? நான் செடி வாங்கப் போன நர்சரியில் விசாரித்தேன். பழத்திலிருந்து வந்த ஈரம் காயுமுன் மண்ணுக்குப் போனால்தான் அது முளைக்கும், வேம்புகூட அதிக நாள் தாங்காது என்றார்கள். வந்து மாமாவிடம் சொன்னேன். "ஈரத்தோட போட்டா பூஞ்சை பிடிக்கும்மா" என்றார், வியாபாரிக்கு என்ன தெரியும் என்கிற தோரணையில். அலமாரியில் அவர் அடுக்கி வைத்திருந்தது விதை இல்லை, அஸ்தி. அதைச் சொன்னால் சண்டை வரும் என்று வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என் வீட்டுக்காரரைக் கேட்டால் தெரியும்.

அரசமரத்தின் கதையும் உண்டு. சனிக்கிழமை தவறாமல் மாமா கோயிலுக்குப் போய் அரசமரத்தைச் சுற்றுவார். அதே அரசு, காக்காய் புண்ணியத்தில், அவர் குளியலறையின் வெளிச்சுவரில் ஒரு விரிசலில் முளைத்துத் தளதளவென்று நின்றது. விட்டால் சுவரைப் பிளந்துவிடும். பிடுங்கினால் பாவம். மாமா வழி கண்டுபிடித்துவிட்டார். என்னைக் கூப்பிட்டு, "நீங்க பிடுங்கினா தோஷம் இல்லேம்மா" என்றார். நாங்களும் அதே சாமியைத்தான் கும்பிடுகிறோம். "பாவத்துக்கும் ஆள் பார்த்துத்தான் பில் போடுவாங்களா மாமா?" என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை, கேள்வியே புரியவில்லை. கடைசியில் குழாய் ரிப்பேருக்கு வந்தவர் தலையில் அந்தப் பாவம் விழுந்தது.

ஒருதடவை குடியிருப்புக்காரர்கள் எல்லோருமாக வேன் பிடித்து மலைக்காட்டுக்குச் சுற்றுலா போனோம். மாமியைத் தங்கை வந்து பார்த்துக்கொண்டாள். மாமா, காட்டு நிபுணர் என்கிற முறையில், முன் சீட்டில். அங்கே வழிகாட்டியாக வந்தவர் ஒரு மரத்தடியில் எங்களை நிறுத்தினார். மேலே பொந்தில் இருவாச்சியின் கூடு. அந்தப் பறவை எங்கெங்கோ தின்ற பழங்களின் கொட்டைகள் கூட்டுக்குக் கீழே விழுந்து, காட்டின் பல மூலைகளில் நிற்கும் மரங்களுக்கெல்லாம் அங்கே கன்று முளைத்திருந்தது. கொஞ்சம் தள்ளி ஒரு யானை லத்தி. அதற்குள்ளிருந்து பச்சையாக நாலைந்து முளை எட்டிப் பார்த்தது. இந்தக் காட்டில் பெரும்பாலான மரங்கள் பறவை, வவ்வால், குரங்கு, யானை, மரநாய் என்று யாரையாவது நம்பித்தான் இருக்கின்றன, அவை தின்று துப்பாவிட்டால் பழம் தாய்மரத்தடியிலேயே குவிந்து வீணாகும், முளைத்தாலும் நிழலில் நோஞ்சானாகிச் சாகும் என்றார் அவர். எனக்கு உடனே விளங்கிவிட்டது. மரத்துக்குக் கால் கிடையாது. விதையை இன்னொரு இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் வேண்டும். பழம் என்பது அந்த ஆளுக்குக் கொடுக்கிற கூலி. எங்கள் கடையில் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்க்கிறவருக்குக் கொடுப்பதில்லையா, அதுதான். கூலியே கொடுக்காமல், ஆளையும் அடித்துத் துரத்திவிட்டு, சரக்கு ஊர் முழுக்கப் போய்ச் சேர வேண்டும் என்றால் எந்தக் கடை நடக்கும்?

மாமா கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில், இதே விதைகள் கழுவிச் சுத்தம் செய்தது எங்கேயாவது கிடைக்குமா என்று வழிகாட்டியிடம் விசாரித்தார். அந்த மனிதர் என்னைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன்.

ஊர் திரும்பியதும் மாமா செய்த முதல் காரியம், நாவல் மரத்துக்கு வலை போட்டது. வவ்வாலால் காய்ச்சல் வரும் என்று வாட்ஸாப்பில் ஏதோ சுற்றிக்கொண்டிருந்தது. போதாததற்கு, நாவல் பழம் தின்றவை போட்ட எச்சம் தெருவில் நின்ற கார்களில் ஊதா ஊதாவாகப் படிந்தது. ஆகவே கட்டடமே மாமாவின் பக்கம். நீல நைலான் வலை, மரத்தை மொத்தமாக மூடி, அடியில் கயிறு கட்டி. மரம் பார்க்க, இறக்குமதி செய்து இன்னும் பிரிக்காத சாமான் மாதிரி நின்றது. அந்த வருஷம் காய்த்த அத்தனை பழமும் அடிமரத்தைச் சுற்றி விழுந்து, புளித்து, ஈ மொய்த்தது. அதற்கு மாமா பினாயில் தெளித்தார்.

ஒரு காலையில் அந்த வலையில் வவ்வால் ஒன்று சிக்கிக் கிடந்தது. சின்ன ஜாதி, கைக்குள் அடங்கும். தொடக்கூடாது, தொட்டால் காய்ச்சல் என்று மாமா யாரையும் கிட்ட விடவில்லை. எங்கெங்கோ போன் செய்துகொண்டிருந்தார். அது சிறகை இழுத்து இழுத்து அடிக்கிறது, மாமி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறாள். யாராவது போய் அறுத்துவிடுங்களேன் என்று அவள் கூப்பிட்ட குரல் எனக்குக் கேட்டு, கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கத்திரிக்கோலோடு இறங்கினேன். நான் போய் அறுத்தபோது அதற்கு உயிர் இல்லை. அன்றைக்கு எனக்கு மாமாவின்மேல் வந்தது வெறும் எரிச்சல் இல்லை, வெறுப்பு. அந்த இடத்தை அவர் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினார். அதற்குப் பிறகு மாமி நாவல் மரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, மனையின் கோடியில் இருந்த ஒரு மூலையைப் பார்க்க ஆரம்பித்தாள்.

அந்த மூலை மாமாவுக்கு ஆகாத மூலை. பின்சுவரை ஒட்டி, ஓடாத பம்புசெட் ஒன்று இருந்த அறைக்குப் பக்கம். அடுத்த காம்பவுண்டின் வாதாமரம் சுவர்தாண்டி இங்கே சாய்ந்திருந்தது. சாயங்காலமானால் வவ்வால்கள் ஆற்றங்கரைத் தோட்டங்களிலிருந்து பழத்தைக் கவ்விக்கொண்டு வந்து அந்தக் கிளையில் தொங்கித் தின்னும். சக்கையைத் துப்பும், கொட்டையைப் போடும், மற்றதையும் போடும். பகலில் குயிலும் மைனாவும். சுவர்மேல் ஒரு மரநாய் நடமாட்டம், அது தன் காரியத்தைத் தினம் ஒரே இடத்தில் முடித்துவிட்டுப் போகும். மாமா அந்தப் பக்கம் காலை வைக்கமாட்டார். பெருக்கக்கூட ஆளை விடமாட்டார், மிதித்துக்கொண்டு வீட்டுப்பக்கம் வந்துவிடுவார்கள் என்று.

மாமிக்கு அந்த மரநாய் ஒரு விருந்தாளி. பூஜையில் வைத்த வாழைப்பழத்தை மாமா அவளுக்குத்தான் கொடுப்பார். அவள் அதை எனக்காக வைத்திருந்து, விளக்கு வைக்கிற நேரத்தில் நான் போனதும் ஜன்னலுக்கு வெளியே சன்ஷேடில் வைக்கச் சொல்லுவாள். அது பம்மிப் பம்மி வந்து எடுத்துக்கொண்டு போகும். சிறுபிள்ளை மாதிரி சிரிப்பாள். மாமா பார்த்திருந்தால் சன்ஷேடையே இடித்துக் கட்டியிருப்பார்.

முதல் மழை வந்தது. மாமா பாட்டில்களைத் திறந்து, நூல் பிடித்துக் குழிவெட்டி, மாட்டுச் சாணம் போட்டு, விதை ஊன்றி, ஒவ்வொன்றுக்கும் ஒரு குச்சி நட்டு, குச்சியில் பெயர் தொங்கவிட்டார். சாணத்துக்கு மட்டும் தடையில்லை. பசு போட்டால் பிரசாதம், வவ்வால் போட்டால் அசிங்கம். மழை நின்றபோது அந்தக் குழிகளில் முளைத்தது தக்காளி. யாரோ தின்றதிலிருந்து வந்தது என்று அதையும் பிடுங்கிப் போட்டார். இரண்டாவது வருஷமும் பறித்தார், அலசினார், காயவைத்தார், அடைத்தார், ஊன்றினார். குச்சியில் தொங்கிய பெயர்கள் மழையில் அழிந்து, அவர் திரும்ப எழுதினார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

மாமி மட்டும் அந்த மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அங்கே பாரேன், நாலு இலை விட்டிருக்கு" என்பாள். அப்புறம், சுவர் உயரத்துக்கு வந்துவிட்டது என்பாள். காற்றடித்தால் எது எப்படி ஆடும் என்று அவளுக்குத் தெரியும். வலி அதிகமான நாட்களில் மாத்திரையைவிட அந்த ஆட்டம்தான் தூங்க வைக்கிறது என்று சொன்னாள். மாமா இதைத் தம் காட்டைப் பற்றியது என்று நினைத்துக்கொண்டு, "வரும், வரும்" என்பார்.

தை பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சங்கத்துக்காரர்கள் எல்லோரும் மனையில் கூடினோம். வரிசை வரிசையாகக் குச்சிகள். குச்சிக்கு அடியில் மண். மாமா துவைத்த வேட்டியும் நெற்றிக் குறியுமாக நின்றுகொண்டு, மண் சரியில்லை என்றோ மழை போதவில்லை என்றோ ஒரு சாக்குக்கூடச் சொல்லவில்லை. சைதாப்பேட்டைக்காரர் கையில் அளக்கிற டேப். எத்தனை வண்டி நிறுத்தலாம் என்று அளந்துகொண்டே கோடிக்குப் போனவர், அங்கிருந்து குரல் கொடுத்தார்.

"யப்பா, இங்க வாங்க எல்லாரும். இன்னாது இது, இம்மாம் ஒசரம் வளர்ந்துகீது?"

போனோம். நானே அவ்வளவு கிட்டத்தில் அன்றுதான் பார்த்தேன். வேம்பு ஆளைத் தாண்டி நின்றது. நாவல் மார்பளவு. வாதாங்கன்றுகள் அகல இலையோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு ஓர் அத்தி, பெயர் தெரியாத முட்செடி ஒன்று, ஒரு கன்றைத் தடவிப் பார்த்து யாரோ சந்தனம் என்றார்கள். ஒன்றுக்கொன்று இடித்துக்கொண்டு, வழிவிடாமல், அடியில் சருகு மெத்தையாக. நாங்கள் போனதும் உள்ளேயிருந்து இரண்டு கொண்டைக்குருவிகள் கிளம்பிப் பறந்தன.

சைதாப்பேட்டைக்காரர் டேப்பைச் சுருட்டினார். "இன்னா மாமா நீங்க, இத்த வுட்டுட்டு குச்சிய காட்டிக்கினு கீறீங்க? இதான் காடு. சரி, வுடுங்க. நான் ரோட்லயே வுட்டுக்கிறேன் வண்டிய."

எனக்கு உயிர் வந்தது. உடனே முந்திக்கொண்டேன். "எல்லாம் மாமா நட்டதுதான். தினமும் தண்ணி ஊத்துவாரு, நானே பாத்திருக்கேன்." வியாபாரியின் வாய், தயங்கவில்லை. அப்படிப்பட்ட பொய்யை இன்னும் ஆயிரம் தடவை சொல்வேன்.

மாமா மேலே பார்த்தார். முதல் மாடி ஜன்னலில் மாமி முழங்கையை ஊன்றி, முடிந்தமட்டும் எம்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்த்தார் என்பது எனக்கு நிச்சயம். அவள் முகத்தில் இருந்ததும் அவருக்குத் தெரிந்திருக்கும். அப்புறம் வேட்டி நுனி சருகில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எங்கள் பக்கம் திரும்பினார்.

"அந்தம்மா நல்ல எண்ணத்துல சொல்றா. ஆனா அது நிஜமில்லே. நான் இங்கே ஒரு விதைகூடப் போடலே. இதெல்லாம் வவ்வால் துப்பினது, மரநாய் கழிஞ்சது. இதைக் காட்டி என் காடுன்னு நான் ஏமாத்த மாட்டேன். நான் போட்டது முளைக்கலே. வாக்குக் கொடுத்திருக்கேன், சிமெண்ட் போட்டுக்கோங்கோ."

"யாரு போட்டா இன்னா மாமா? மொளச்சுகீதுல்ல" என்றார் சைதாப்பேட்டைக்காரர். இடம் வேண்டும் என்று முதலில் கேட்ட மனிதரே கெஞ்சுகிற மாதிரி கேட்டார். மாமா தலையை மட்டும் ஆட்டினார். இல்லை என்கிற ஆட்டம். மற்றவர்களுக்கு அவ்வளவு போதும். மாமாவே சொல்லிவிட்டாரே என்று ஒருவர் ஆரம்பித்தார், இந்தக் காலத்தில் இப்படி ஒரு சத்தியவான் உண்டா என்று இன்னொருவர் முடித்தார். நல்ல மனிதரைப் புகழ்ந்துகொண்டே வந்த காரியத்தை முடித்துக்கொள்வது எங்கள் கட்டடத்தாருக்குக் கைவந்த கலை. நான் அங்கேயே நின்று அவரைத் திட்டினேன். வயசுக்கு மரியாதை இல்லாமல், என்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாதபடி திட்டினேன்.

ஜேசிபி வந்து அந்த மூலையை வழித்தெடுக்க ஒரு காலைப்பொழுதுகூட ஆகவில்லை. நாவல் மரமும் போயிற்று. வேர் சிமெண்டைத் தூக்கும் என்றார்கள்.

அன்று சாயங்காலம் நான் மாமியைப் பார்க்கப் போனேன். மாமா சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். மாமி அழுது முடித்த முகத்தோடு இருப்பாள் என்று நினைத்தேன். அழுத அடையாளமே இல்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னாள், ஆனால் குரலைத் தாழ்த்தாமல், சமையலறைக்கும் கேட்கும்படி.

"ஊரெல்லாம் கொண்டாடறது, பொய்யே சொல்லாத மனுஷர்னு. எனக்காக ஒண்ணே ஒண்ணு சொல்லியிருக்கப்படாதா?"

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. கொஞ்சம் கழித்து மாமா பாலோடு வந்தார். அவளுக்கு ஒத்தாசையாகப் பிடித்துக் குடிக்கவைத்து, வாயைத் துடைத்துவிட்டார். அவருடைய கண் சிவந்திருந்தது. கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னாள் மாமி, சுவரைப் பார்க்கிறமாதிரி. மாமா ஈரத்துணி கொண்டுவந்து கட்டில் கால்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். அப்புறம் அவள் உடம்பு அலுங்காமல் தனியாளாக இழுத்துப் பார்த்தார். வயசான மனிதர், முடியவில்லை. என்ன கோபம் இருந்தாலும் பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா? மறுபக்கம் பிடிக்க நான் குனிந்தேன்.

"கையை அலம்பிண்டு வந்துடும்மா" என்றார்.